தேக்குப் பலகையும் சின்ன ஃப்ரிட்ஜும்

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ஆத்தாவுக்கு அத்தனை சந்தோஷம்.

இப்போதெல்லாம் ஆத்தாவால் அடுப்படி வரை நடக்க முடியவில்லை. நம்ம ஊர் வீடுகளின் நீளம் உனக்குத் தெரியாததா! அதனால் இன்சுலின், பால், மோர் வைக்க அறை வாசலிலேயே சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கிப் போட்டேன். அதையும் பக்கத்து அலமாரியையும் சேர்த்து மேலே ஒரே பலகையாக மேடை செய்திருக்கிறேன். நீயும் செய்யப்போவதாக எழுதியிருந்தாயே, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மரம் முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியது. பழைய கதவுப் பலகைகள், பர்மா தேக்கு. ஆணியை எல்லாம் பிடுங்கிய பிறகுதான் இழைப்புளி வைக்க வேண்டும்.

சுவரில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துப் பலகையை அதன்மேல் உட்கார வைப்பதுதான் எளிது என்றார் ஆசாரி. எனக்கு மனம் வரவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு அது, இன்னும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதில் துளை போட்டால் பெயர்ந்து வரும், அதே பூச்சை இப்போது யார் பூசுவார்கள்? எனவே ஃப்ரிட்ஜின் இரு பக்கமும் பலகைக்குக் கால் கொடுத்தேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கீறாமலிருக்க, காலடியில் ரப்பர்.

பலகையின் பாரம் ஃப்ரிட்ஜ் மேல் விழவே கூடாது. சின்ன ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் சூடு பக்கவாட்டுத் தகடு வழியாகத்தான் வெளியேறும், கை வைத்தாலே தெரியும். பக்கங்களில் 2 இன்ச், மேலேயும் பின்னாலும் 4 இன்ச் விட்டேன். உன்னுடையதற்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் இன்ச் தள்ளி வைத்ததில், பின்னாலிருந்து ஏறும் சூடு அப்படியே மேலே போய்விடுகிறது. பூச்சுக்கும் உரசல் இல்லை.

அப்புறம், ஐப்பசி மழையில் மரம் அகலவாட்டில் உப்பும். ஸ்க்ரூ போகும் துளையை நீள்துளையாகப் போடு. லின்சீடு ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மேலே மட்டுமல்ல, அடியிலும் பூசு. இல்லாவிட்டால் பலகை வளையும். பூசிய துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடு.

பொங்கலுக்கு வருவாய்தானே? உன் சின்ன இழைப்புளியையும் எடுத்து வா. ஆத்தா அறைக் கதவு நிலையில் இடிக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்