ஒன்றை அவிழ்க்கும் முன் இன்னொன்று

கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்
செப்டம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாளா, இல்லை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்களா? இந்தக் கடிதத்தைத் தம்பிக்கு அனுப்புகிறேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், வேட்டைக்காக மரத்தில் ஏறப் போகிறேன் என்று சொன்னதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. "மரமேறுறது என்னோட போகட்டும்" என்று சொல்லி என்னைப் படிக்க அனுப்பியவர் நீங்கள். பனையிலிருந்து விழுந்த பெரியப்பா பன்னிரண்டு வருஷம் திண்ணையில் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் எதில் ஏறுகிறேன், எப்படி ஏறுகிறேன், எதைப் பார்த்து வாங்கினேன் என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். எங்கேயாவது தப்பு தெரிந்தால் சொல்லுங்கள். இங்கே எனக்குச் சொல்லித் தருகிறவர்கள் வருஷத்துக்கு இருபது நாள் மரம் ஏறுகிறவர்கள். நீங்கள் ஒரு நாளைக்கே முப்பது நாற்பது பனை ஏறியவர்.

முதலில் மானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் வருஷச் சட்டப்படி மானைத் தொட்டாலே ஜெயில். இங்கே அப்படி இல்லை. ரோட்டில் மான் குறுக்கே வந்து கார் மோதுவது மட்டும் இந்த மாநிலத்தில் வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். அத்தனை மான். அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, எந்த நாளில் எதைக் கொண்டு வேட்டையாடலாம் என்று விதி போட்டிருக்கிறது. வில்லுக்கு அக்டோபர் 1, துப்பாக்கிக்கு நவம்பர் 15. துப்பாக்கி எனக்கு வேண்டாம் என்று வில்தான் வாங்கினேன். இரண்டு முனையிலும் கப்பி வைத்த வில். லைசென்ஸுக்கு முன்னால் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த வகுப்பில் அம்பைப் பற்றிச் சொன்னதைவிட மரத்திலிருந்து விழுவதைப் பற்றித்தான் அதிகம் சொன்னதாக எனக்கு ஞாபகம்.

காடு யாருடையது என்று கேட்பீர்கள். ஜமீன் காடு இல்லை, தனியார் தோட்டமும் இல்லை. மனிஸ்டீ தேசியக் காடு என்று பெயர். வீட்டிலிருந்து வடக்கே காரில் ஒன்றேகால் மணி நேரம். லைசென்ஸ் இருக்கிற யாரும் உள்ளே போய் வேட்டையாடலாம். இதைப் பொது நிலம் என்கிறார்கள். எனக்கென்று இங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்படியிருந்தும் அந்தக் காட்டுக்குள் நுழையும்போது யாரும் என்னைத் தடுப்பதில்லை, நீ யார் என்று கேட்பதில்லை. வந்த ஏழு வருஷத்தில் இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, மரத்துக்கு வருகிறேன். மானுக்கு மூக்கு கூர்மை. தரையில் உட்கார்ந்தால் காற்று நம் வாசனையை நேராக அதன் முகத்துக்குக் கொண்டுபோய்விடும். ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஓரளவு தப்பலாம். கண்ணிலும் சீக்கிரம் பட மாட்டோம். இன்னொன்றும் உண்டு. மேலேயிருந்து விடுகிற அம்பு, குறி தப்பினாலும் தரையில்தான் குத்தும். நாலு பேர் நடமாடுகிற காட்டில் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. பன்றிக் காவலுக்குப் பரண் போடுவார்களே, அதே பரண்தான். இங்கே முதுகில் சுமந்துகொண்டு போகிற மாதிரி அலுமினியத்தில் செய்து விற்கிறார்கள்.

நாலு வகை இருக்கிறது. ஏணியோடு சேர்ந்தது ஒன்று. ஏறுவதற்கு அதுதான் சுலபம், ஆனால் கனம் அதிகம், நிறுத்த இரண்டு மூன்று ஆள் வேண்டும். சொந்த நிலம் இருக்கிறவர்கள் அதை வாங்கட்டும்.

அடுத்தது கிளைம்பர். இதை நீங்கள் பார்க்க வேண்டும் அப்பா! மேல் பாகம், கீழ் பாகம் என்று இரண்டு. இரண்டிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்க ஒரு கம்பிவடம். கீழ் பாகத்தில் பாதத்தை மாட்டிக்கொண்டு, மேல் பாகத்தில் கையை ஊன்றி, காலோடு கீழ் பாகத்தைத் தூக்கி மரத்தில் பதிக்க வேண்டும். அப்புறம் எழுந்து நின்று மேல் பாகத்தைத் தள்ள வேண்டும். காலால் பிடித்து, உடம்பைத் தூக்கி, கையால் பிடித்து... நீங்கள் காலில் தளைநார் மாட்டி ஏறுகிற அதே முறை! கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவர் தன்னுடையதை இரவல் கொடுத்து ஏறிப் பார்க்கச் சொன்னார். முதல் நாலு அடி ஏறியதும் உங்கள் கால் எனக்கு ஞாபகம் வந்தது. பாதத்தின் ஓரத்தில் தளைநார் பதிந்து காய்த்திருக்குமே, அந்தக் கறுத்த தழும்பு. சின்ன வயதில் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. மரம் மேலே போகப் போகச் சிறுக்கும். அதனால் தரையில் மாட்டும்போது பலகையின் முன்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலே போய்ச் சேரும்போது சமமாக நிற்கும். சமமாக மாட்டிக்கொண்டு ஏறினால் மேலே போனதும் முன்பக்கம் சரிந்துவிடும். அடியைத் தாண்டினால் கொண்டை வரை ஏறக்குறைய ஒரே பருமனாக நிற்கும் பனையில் ஏறிய உங்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் வாங்கவில்லை. அதற்குப் பனை மாதிரி கிளையில்லாமல் நேராக வளர்ந்த மரம் வேண்டும். நான் பார்த்து வைத்திருக்கிற இடத்தில் மான் வருவது வெள்ளை ஓக் மரத்தடிக்கு. அதன் கொட்டையில் கசப்பு குறைவு, அதனால் சிவப்பு ஓக் பக்கத்திலேயே கொட்டிக் கிடந்தாலும் மான் இதைத்தான் முதலில் தேடி வரும். அங்கே இருப்பதெல்லாம் கிளை விட்ட, கோணலான மரங்கள். நேரான ஆஸ்பென் மரங்கள் அறுபது மீட்டர் தள்ளித்தான் நிற்கின்றன. என் அம்பு இருபது மீட்டருக்குத்தான். பரணுக்கு ஏற்ற மரத்தைத் தேடிக்கொண்டு மான் வராத இடத்தில் போய் உட்கார்ந்து என்ன செய்ய?

சாடில் என்று ஒன்றும் இருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற துணிப்பட்டை, மரத்தில் கட்டிய ஒரு கயிறு, கால் வைக்க ஒரு சின்னப் பலகை, அவ்வளவுதான். எடை மற்றதைவிடக் குறைவு. இளைஞர்கள் இப்போது அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் கயிற்றிலேயே சாய்ந்து நாலு மணி நேரம் இருக்க வேண்டும். முதல் வருஷம் எனக்குக் காலுக்குக் கீழே அகலமான பலகை வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதனால் நான் வாங்கியது தொங்கு பரண். ஒரு பலகை, ஒரு இருக்கை, மரத்தைச் சுற்றிக் கட்ட இரண்டு பட்டை. எடை ஆறரை கிலோ, 136 கிலோ வரை தாங்கும். ஏறுவதற்கு நாலு படிக்கம்பு. ஒவ்வொன்றையும் மரத்தில் பட்டையால் இறுக்கி, அதன்மேல் நின்று அடுத்ததைக் கட்ட வேண்டும். மரம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, கிளை இருந்தாலும் பரவாயில்லை. எல்லாம் சேர்த்தால் கிளைம்பரைவிட எடை கொஞ்சம் கூடத்தான். ஒன்றரை கிலோமீட்டர் இருட்டில் சுமக்க வேண்டும், சுமந்துகொள்கிறேன்.

திருகாணி மாதிரி மரத்தில் முறுக்குகிற படிகளும் விற்கிறார்கள், விலையும் குறைவு. ஆனால் பொது நிலத்தில் அதற்குத் தடை. ஆணி கூடாது, மரத்தின் பட்டையைத் துளைக்கிற எதுவும் ஏறுவதற்குக் கூடாது என்று விதி. செப்டம்பர் 1-க்கு முன்னால் பரண் வைக்கக் கூடாது, மார்ச் 1-க்குள் எடுத்துவிட வேண்டும். தரையிலிருந்து படிக்கிற மாதிரி பெயரும் முகவரியும் எழுதி ஒட்ட வேண்டும். நான் ஒட்டிவிட்டேன். பெயர் இருப்பதால் அந்த இடம் எனக்குச் சொந்தமாகிவிடாது. நீங்கள் பாட்டத்துக்கு எடுத்த பனையில் இன்னொருவர் ஏற மாட்டார். இங்கே நான் போகும்போது பக்கத்து மரத்தில் வேறொருவர் இருந்தால், நான்தான் தள்ளிப்போக வேண்டும். அதனால் பரணை அங்கேயே விட்டு வராமல் ஒவ்வொரு தடவையும் கூடவே கொண்டுபோய்க் கூடவே கொண்டுவரப் போகிறேன். காற்று மாறினால் மரத்தையும் மாற்றலாம்.

வாங்கும்போது ஒன்று நடந்தது. ஒரு வீட்டு வாசலில் பழைய பரண் பாதி விலைக்கு இருந்தது. இரும்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பட்டையைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். வெயிலில் வெளுத்து, ஓரத்தில் நூல் பிசிறு பிசிறாக எழும்பியிருந்தது. தினமும் விடியுமுன் தளைநாரைக் காலில் மிதித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகுதான் நீங்கள் வாசலைத் தாண்டுவீர்கள். அதை அப்படியே வைத்துவிட்டு வந்து புதிதாக வாங்கினேன். உடம்பில் மாட்டுகிற கவசப்பட்டையும் புதிது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்கிறார்கள், வாங்கிய தேதியை மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். தரையிலிருந்து கால் எடுப்பதற்கு முன்பே இடுப்புக் கயிறு மரத்தைச் சுற்றி வந்துவிடும். அதில் புருசிக் என்று ஒரு முடிச்சு. தளர்வாக இருக்கும்போது நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மேலே போனதும் தலைக்கு மேலே இன்னொரு கயிற்றை மரத்தில் கட்டி, அதைக் கவசப்பட்டையில் மாட்டிய பிறகுதான் இடுப்புக் கயிற்றை அவிழ்ப்பேன். கிளை குறுக்கே வந்தாலும் அப்படித்தான், ஒன்றை அவிழ்க்கும் முன் இன்னொன்று. ஏறி இறங்குவதற்குள் கயிறில்லாமல் ஒரு நிமிஷம் கூட இருக்க மாட்டேன். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுவதும் கிடையாது. மேலே உட்கார்ந்த பிறகு கயிறு கட்டித் தூக்கிக்கொள்வேன், நீங்கள் அரிவாளைப் பெட்டியில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் மரத்துக்கு விட்ட மாதிரி.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேப்பிள் மரத்தில் மூன்று வாரமாகப் பழகுகிறேன். இடுப்பு உயரத்தில் ஒரு வாரம், அப்புறம்தான் மேலே. முதல் நாள் படிக்கம்பில் கொக்கி பட்டு டங்கென்று சத்தம் வந்தது. குளிரில் இது காடு முழுக்கக் கேட்கும். பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி, இரும்பும் இரும்பும் தொடுகிற இடத்திலெல்லாம் சுற்றினேன். உங்கள் பேத்தி முனையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சத்தமே இல்லை. உங்கள் மருமகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். எந்த மரம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் காருக்குத் திரும்பி வந்து கூப்பிட வேண்டும். ஒத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு இடம்தான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசிப் படிக்கம்பிலிருந்து பலகைக்குக் கால் மாற்றுகிற இடம். விழுகிறவர்கள் நிறையப் பேர் அங்கேதான் விழுகிறார்களாம். அதனால் கடைசிப் படியைப் பலகையைவிட உயரத்தில் கட்டி, மேலேயிருந்து கீழே இறங்குகிற மாதிரி கால் வைக்கச் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்கிறேன். கயிறும் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு அடியில் எனக்குத் தொடை நடுங்குகிறது. கொண்டைக்குப் போனதும் தளைநாரிலிருந்து ஒரு காலை எடுத்து மட்டைக்கு மாற்றுவீர்களே, அப்போது எந்தக் கை எதைப் பிடித்திருக்கும்? எடையை முதலில் மாற்றுவீர்களா, காலையா? கீழே கலயத்தோடு நின்றுகொண்டு எத்தனையோ தடவை அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை இரவு கூப்பிடுகிறேன், உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. இதைச் சொல்லித் தாருங்கள். சொல்லி முடிக்கும் வரை போனை அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்