குடகு இளவரசி கௌரம்மா

ஆசிரியருக்கு வணக்கம்.

மடிக்கேரி போனால் கோட்டையைப் பார்க்கிறோம். கௌரம்மாவைப் பற்றிக் கேட்பதில்லை. 1834-ல் கிழக்கிந்தியக் கம்பெனி குடகைப் பறித்து, அரசர் சிக்க வீரராஜேந்திரரைக் காசிக்கு அனுப்பியது. அங்கே 1841-ல் பிறந்தவள் இவள். 1852-ல் அப்பாவோடு லண்டன் போனாள். ஞானஸ்நானம் நடந்தது, விக்டோரியா மகாராணியே ஞானத்தாய், வைத்த பெயரும் விக்டோரியா! அப்புறம் வளர்ந்ததெல்லாம் ஆங்கிலேயர் வீடுகளில். வின்டர்ஹால்டர் வரைந்த ஓவியத்தில் இந்திய உடை, நகைகள், கையில் பைபிள். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளையின் அந்த முகத்தைப் பார்த்தால் மனசு கனத்துவிடுகிறது. ஆங்கிலேய கர்னலை மணந்தாள், பெண் குழந்தை பிறந்தது. 1864-ல் இறந்தபோது 23 வயதுகூட நிரம்பவில்லை. லண்டன் பிராம்ப்டன் கல்லறையில் அடக்கம். ஞாயிறு மலரில் அவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அந்த ஓவியத்தோடு.

- ஒரு வாசகர்