ஞானவாதிகளைப் பற்றிய பத்தியைத் திருத்துங்கள்: பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

திருச்சபை வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தங்கள் பாடநூலில் இரண்டாம் நூற்றாண்டைப் பற்றிய பகுதியில் வரும், மீட்பு இரகசிய ஞானத்தால் கிடைக்கிறது என்று நம்பிய ஞானவாதிகள் (நாஸ்டிக் குழுவினர்) குறித்த பத்தியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். பருப்பொருளைத் தீமை என்றும் உடலைச் சிறை என்றும் கருதியதால், நாஸ்டிக் குழுவினர் அனைவரும் ஒன்று திருமணத்தைத் துறந்தார்கள், இல்லையேல் ஒழுக்கக்கேட்டில் வீழ்ந்தார்கள் என்று அப்பத்தி கூறுகிறது. ஆசிரியர்கள் பலர் எழுதிக் கேட்ட பின்னரும் இவ்வாண்டுப் பதிப்பில் அது ஓர் எழுத்தும் மாறாமல் வந்திருக்கிறது.

சென்ற தேர்வில் என் மாணவி ஒருவர், இரண்டாம் நூற்றாண்டு ஞானவாத ஆசிரியர் வாலன்டினஸின் வழிவந்தவர்கள் திருமணத்தை ஏற்றார்கள் என்று எழுதினார். பாடநூலுக்கு முரணானது என்று அந்த விடை முழுவதும் அடிக்கப்பட்டது. மறுமதிப்பீட்டிலும் அதே முடிவுதான் வந்தது. அந்த மதிப்பெண் இல்லாததால் தாளில் தேர்ச்சி பெறாமல், பட்டம் பெற இன்னோர் ஆண்டு காத்திருக்கிறார். தமிழில் மட்டுமே படிக்கும் மாணவர்களுக்குத் தங்கள் நூலைத் தவிர வேறு துணை எளிதில் கிடைப்பதில்லை. அதையும் தாண்டி, ஆசிரியரிடம் கேட்டு, மூலத்தைத் தேடி, உண்மையை எழுதிய ஒருவருக்கு இது நேர்ந்திருக்கிறது என்பதைத் தாங்கள் உணர வேண்டுகிறேன்.

அவர் எழுதியதற்குச் சான்று தருபவர் பண்டைய திருச்சபை எழுத்தாளரான அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட். தம் ஸ்ட்ரோமாட்டா என்னும் நூலின் மூன்றாம் பகுதியைத் தொடங்கும்போதே, வாலன்டினஸைச் சேர்ந்தோர் மேலுலகின் தெய்வீக இணைகளிலிருந்து மண உறவு தோன்றியதாகக் கருதி அதை விரும்பி ஏற்கிறார்கள் என்று அவர் குறிப்பிடுகிறார். வாலன்டினஸின் சீடர்களை எதிர்த்து எழுதியவர் கிளெமென்ட். அப்படிப்பட்டவரே, திருமணத்தை விலக்கிய மார்சியனையும் யூலியஸ் காசியனஸையும் ஒரு பக்கமும், மனைவியரைப் பொதுவில் வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கார்போகிராட்டஸின் கூட்டத்தாரை மறுபக்கமும் நிறுத்தி, இவர்கள் எவரோடும் வாலன்டினஸின் சீடர்களைச் சேர்க்காமல் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் எதிராளி ஒருவர் காட்டிய அந்த நேர்மையை நம் பாடநூலும் காட்டவேண்டும் என்பதே என் கோரிக்கை.

உடலை இழிவாகக் கண்ட ஞானவாத நூல்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1945-இல் எகிப்தின் நாக் ஹமாதி அருகே கிடைத்த சுவடிகளில், யோவானின் இரகசிய நூல் மனித உடலைக் கல்லறை என்கிறது. உலகைப் படைத்த தாழ்ந்த தெய்வமான யால்டபாவோத்தே ஆண் பெண் சேர்க்கைக்கான வேட்கையை விதைத்தான் என்றும் சொல்கிறது. ஒளியின் கூறு ஒன்று மனிதனுள் சிக்கியிருக்கிறது என்று நம்பியவர்களுக்கு, ஒவ்வொரு பிறப்பும் அந்தச் சிறைவாசத்தை நீட்டிப்பதாகவே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இந்நூல் இருக்கும் அதே இரண்டாம் சுவடியில், அதே தோலுறைக்குள், பிலிப்புவின் நற்செய்தியும் இருக்கிறது. அது மாம்சத்துக்கு அஞ்சவும் வேண்டாம், அதில் ஆசை வைக்கவும் வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. மணவறையை மிகப் பரிசுத்த இடத்தோடு ஒப்பிடுகிறது. ஒன்பதாம் சுவடியிலுள்ள உண்மையின் சாட்சி என்னும் நூலோ, மணமுடித்துப் பெருகச் சொல்லும் சட்டத்தைக் கண்டிப்பதோடு, வாலன்டினஸின் சீடர்களையும் சாடுகிறது. தங்களுக்குள்ளேயே இவ்வளவு வாதிட்டவர்களை ஒரே வாக்கியத்தில் அடைப்பது எவ்வகையில் நியாயம்?

ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டு பெரிதும் நான்காம் நூற்றாண்டு ஆயர் எபிபானியஸைச் சார்ந்தது. அவர் விவரிக்கும் அருவருப்பான சடங்கைப் போன்ற ஒன்றை, ஞானவாத நூலான பிஸ்டிஸ் சோபியாவே கடும் தண்டனைக்குரிய பாவம் என்று கண்டிக்கிறது. பாடநூலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. இன்றும் வாழும் ஞானவாதச் சமூகமான மாண்டேயர்களைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. ஆன்மா ஒளியுலகிலிருந்து வந்தது, இவ்வுலகு தாழ்ந்த ஆற்றலால் ஆனது என்று நம்பும் அவர்கள், திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் சமயக் கடமையாகக் கொண்டவர்கள். துறவறத்தைக் குறையாகக் காண்பவர்கள். 2003-க்குப் பின் பெரும்பாலோர் ஈராக்கை விட்டு வெளியேற நேர்ந்த இம்மக்கள், தங்கள் பத்தியின் "அனைவரும்" என்ற சொல்லுக்குள் அகப்பட்டு நிற்கிறார்கள்.

என்னை இன்னும் வருத்துவது வேறொன்று. திருமணம் கன்னியரைப் பெற்றுத் தருவதால் அதைப் புகழ்வதாக எழுதிய திருச்சபைத் தந்தை ஜெரோமைத் துறவின் சிகரம் என்று பாடநூல் போற்றுகிறது. தோமா இந்தியாவுக்கு வந்ததற்குத் தோமாவின் பணிகள் நூலை மேற்கோள் காட்டுகிறது. ஆனால் அதே நூலில், அரசன் மகளின் முதலிரவில் மணமக்கள் உடலுறவைத் துறக்கும்படி இயேசுவே தோமாவின் உருவில் வந்து அறிவுறுத்துவதையும், பிள்ளைகள் பெருந்துன்பம் என்று சொல்வதையும் விட்டுவிடுகிறது. உடலைக் குறித்த அச்சம் நம்மிடம் இருந்தால் புனிதம், பிறரிடம் இருந்தால் பேதகம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். இறையியல் மாணவர்களுக்கு நாம் இதைச் செய்யலாகாது.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுகிறேன்: அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள். எது எதிராளிகளின் கூற்று, எது ஞானவாதிகளுடைய சொந்த நூல்களின் கூற்று என்று பிரித்துக் காட்டுங்கள். பிலிப்புவின் நற்செய்தியிலிருந்தும் யோவானின் இரகசிய நூலிலிருந்தும் சில பகுதிகளையாவது தமிழில் சேருங்கள். புதிய பதிப்பு வரும்வரை ஒரு திருத்தத் தாளையேனும் கல்லூரிகளுக்கு அனுப்புங்கள். அந்த மாணவியின் விடைத்தாளைக் கிளெமென்டின் நூலோடு ஒப்பிட்டு மீண்டும் திருத்த ஆவன செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தேவையான பகுதிகளை மொழிபெயர்த்துத் தர நானும் உடன் ஆசிரியர்களும் அணியமாக இருக்கிறோம். தங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்