27-ஆம் பக்கத்துப் புள்ளி

கும்பகோணம்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. மூட்டு வலிக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்கு வலிக்கிறது. அதை விடு, வேறு சேதி இருக்கிறது. என் நாவல் புத்தகமாக வரப்போகிறது. சிரிக்காதேடி, நிஜம்தான்.

மகாமகக் குளத்துக்குப் பின்னால் இருந்த வாடகை நூலகம் ஞாபகம் இருக்கிறதா? மாத நாவலுக்கு நாள் வாடகை 25 பைசா. படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாதென்று ஆளுக்கொரு குறி வைத்திருந்தோம். நான் 9-ஆம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவேன். நீ 27-ஆம் பக்க ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பாய். சில புத்தகங்களில் தெருவிலுள்ள அத்தனை பெண்களின் குறியும் இருக்கும். ஒரு குறியும் இல்லாத புத்தகத்தைக் கையால் தொடமாட்டோம்! அப்போது என் 40 பக்க நோட்டுக் கதைகளுக்கு நீ ஒருத்திதான் வாசகி. கதாநாயகனிடம் கார் இருக்கும், மில் இருக்கும், எல்லாவற்றையும் விட அதிகமாகக் கோபம் இருக்கும்.

ரிட்டையர் ஆன பிறகு மறுபடி எழுத உட்கார்ந்தால், அந்தக் கோபக்காரன் வரவே மாட்டேனென்கிறான். அறை வாங்கிய கதாநாயகி அழுதுகொண்டே அவனைக் காதலிப்பாளே, அதையெல்லாம் நாம் எப்படி ரசித்தோம்? என் நாயகன் திருவாரூர் பஸ் கண்டக்டர், வயது 41. டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கிச் சில்லறையை எழுதித் தருவார்கள் இல்லையா, அதில்தான் ஆரம்பம். அவன் வேண்டுமென்றே 50 பைசா பாக்கி வைப்பான். அவள் வேண்டுமென்றே கேட்காமல் இறங்கிப் போவாள். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, பாக்கிக்கு எங்கே போவது? அதனால் கதையை 1994-க்குத் தள்ளிவிட்டேன்.

முதலில் இணையத்தில் வாரம் இரண்டு அத்தியாயமாகத்தான் போட்டேன். ‘அக்கா, அடுத்த யூடி எப்போ?’ என்று கேட்பார்கள். யூடி என்றால் புது அத்தியாயமாம். ‘ஆன்டி ஹீரோவா மாத்துங்க’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். என்னைத்தான் ஆன்டி என்கிறாள் என்று எனக்கு இரண்டு நாள் கோபம். கெட்ட குணமுள்ள கதாநாயகனுக்குத்தான் அந்தப் பேராம்.

அப்புறம் பதிப்பாளர் தேடும் படலம். முதலில் பேசியவர் 30,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி போட்டுத் தருகிறேன் என்றார். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாக 2,000 வேண்டுமாம். அதை அரசாங்கம் இலவசமாகத்தான் தருகிறது என்று மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். அமேசானின் கிண்டிலில் மின்புத்தகமாகப் போடலாமே, 2016-லிருந்தே தமிழ் இருக்கிறது, சந்தாக்காரர்கள் படிக்கிற பக்கத்துக்குக்கூடப் பணம் வரும் என்றாள். எல்லாம் சரி, பென்சிலால் குறி போட முடியாதே என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் ஒத்துக்கொண்டது. என்னிடம் பணம் கேட்கவில்லை, அவர்களே 10 சதவீதம் ராயல்டி தருகிறார்கள். அச்சுக் கணக்கில் 14 பாரம், பாரத்துக்கு 16 பக்கம், ஆக 224 பக்கம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும். இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “யார் அந்தக் கண்டக்டர்?” என்றார். இன்னும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாள் யோசிக்கட்டும்.

நேற்று புரூஃப் வந்தது. பிழை பார்க்கச் சொன்னார்கள், நான் முதலில் 27-ஆம் பக்கத்தைத்தான் திருப்பினேன். அவளுக்கு அவன் முதல் டிக்கெட் கிழிக்கிற இடம். ஓரத்தில் நல்ல இடம் விட்டிருக்கிறார்கள்.

முதல் பிரதி உனக்குத்தான் வரும். பென்சிலைச் சீவி வை.

உன்,
மாலா