கேம் விமர்சனத்தில் இதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழின் வீடியோ கேம் விமர்சனங்களில் கதை, கிராபிக்ஸ், விலை எல்லாம் வருகின்றன. நெட் இல்லாமல் அந்த கேம் ஓடுமா என்பது மட்டும் வருவதில்லை. காசு போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

டிஸ்க் கையில் இருந்தால் கேம் நம்முடையது என்றிருந்த காலம் எப்போதோ போய்விட்டது. 2003-இல் வால்வ் நிறுவனம், இன்று கணினி கேம்களை நெட்டில் விற்கும் ஸ்டீம் தளத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய ஹாஃப்-லைஃப் 2 கேமைக் கடையில் டிஸ்க்காக வாங்கியவர்கூட, ஸ்டீமில் கணக்குத் தொடங்கிப் பதிவு செய்த பிறகுதான் ஆட முடிந்தது. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' கார் பந்தய கேமில் தனியாக ஆடும் பகுதிக்கும் நெட் வழியே சர்வர் (கம்பெனியின் கணினி) வேண்டியிருந்தது. 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வரை நிறுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்கும் அன்றோடு வீண். கலிஃபோர்னியாவில் 2025 முதல், டிஜிட்டல் கேமை 'வாங்கு' என்று போட்டு விற்பவர்கள், தருவது உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் வாசகர்களுக்கு அதை உங்கள் இதழாவது சொல்லட்டும்.

அடுத்தது அளவு. 100 ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டா என்றால் ஐம்பது நாள். அதோடும் முடியாது. பல கேம்கள் தம் கோப்புகளைப் பெரிய மூட்டைகளாகக் கட்டி வைத்திருக்கும். 2 ஜிபி அப்டேட் வந்தாலும் அந்த மூட்டைகளை முழுதாகத் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் கணினியில் பல மடங்கு காலி இடம் கேட்கும். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் டவுன்லோடை விட இந்த வேலைதான் நேரம் பிடிக்கும்.

பலரோடு சேர்ந்து ஆடும் கேம் என்றால் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். காரைக்குடியிலிருந்து மும்பைக்குக் கேபிள் வழி 1,500 கி.மீ. என்று வைத்தால், போய்வர 15 மில்லிசெகண்ட். எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் இது குறையாது. ஆட்டத்துக்கு வேகம் பெரிதாக வேண்டாம், தாமதம் ஒரே சீராக இருந்தால் போதும்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் அந்தச் சீர் கெடுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ரௌட்டர் முகப்பில் இருக்கும், பிள்ளைகள் உள்ளே தள்ளி, இரண்டாம் கட்டில் ஆடுவார்கள். நடுவில் உள்ள கனத்த செங்கல், சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓய்ந்துவிடும். 2.4 போய்ச் சேரும், ஆனால் வழியில் தொலைந்த பாக்கெட்டுகளை (டேட்டாத் துண்டுகளை) திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்பீடு டெஸ்டில் எண் நன்றாகவே வரும், ஆட்டத்தில் எதிராளி விட்டு விட்டு நகர்வான்.

சோதிப்பது எளிது. ஆடும் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளைக்கு ரௌட்டரின் முகவரியைக் கொடுங்கள் (பல ரௌட்டர்களில் 192.168.1.1). மில்லிசெகண்டில் 1, 2, 1 என்று நின்றால் வீட்டுக்குள் கோளாறு இல்லை. 3, 80, 5, 200 என்று துள்ளினால் வைஃபைதான் காரணம், நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை. அதற்கு வழி, ரௌட்டரிலிருந்து கணினிக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பது. கேட்-6 வகைக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வளவுப் பத்தியின் (நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின்) உத்தரத்தோரமாகவே இழுத்துக்கொண்டு போனால் பழைய சுவரைத் துளைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு மட்டும் வெளிப்புறக் கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும்.

விமர்சகரிடம் நான் கேட்பது பெரிய வேலை ஒன்றுமில்லை. கேமை ஒருமுறை நெட்டோடு திறந்துவிட்டு, ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றி, கேபிளைப் பிடுங்கி, மறுபடி திறந்து பார்க்கட்டும். திறந்ததா, பழைய சேமிப்பிலிருந்து தொடர முடிந்ததா என்று இரண்டு வரி போதும். வாசகர்களும் இதையே செய்யலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். டவுன்லோடு ஆகும் நேரம் அந்த 2 மணியில் சேராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி