வளவு உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்

கொழும்பில் தெருவில் விடப்பட்ட நாய்க்குட்டிகளை எடுத்துப் பராமரித்து, தத்துக் கொடுத்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களைப் போன்ற ஒரு குழுவிடம் குட்டி கேட்டு விண்ணப்பித்தேன். படிவத்தில் மூன்றாவது கேள்வி, "வளவு உண்டா?" வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் ஏது வளவு? இல்லை என்று எழுதினேன். தொடர்மாடிக்குக் குட்டி தருவதில்லை என்று அன்று பின்னேரமே பதில் வந்துவிட்டது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன் என்பதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமே இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கை முனையில் வளவோடு ஒரு வீடு இருக்கிறது. கேற்றுக்குப் பக்கத்தில் இரும்புக் கூடு, உள்ளே ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட். இரவு பத்து மணிக்குத்தான் திறந்துவிடுவார்கள். தண்ணீர்ச் சட்டியின் உள்விளிம்பில் பாசி. நாய் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்து நடந்தே சீமெந்துத் தரையில் ஒரு தடம் மினுங்குகிறது. நான் நிரப்பிய படிவத்தில் அந்த வீடு சித்தியடைந்துவிடும்.

மாடியில் நாய் வளர்ப்பது லேசு என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நடுச்சாமத்திலும் தூக்கிக்கொண்டு கீழே ஓட வேண்டும். வெயில் ஏறினால் தார் வீதி பாதத்தைச் சுடும் என்பதால் விடிகாலையிலேயே மரீன் டிரைவ் பக்கம் போய்வர வேண்டும். வழியில் ஒழுங்கை நாய்கள் வேறு. சங்கிலியில் வரும் புதியவனை அவை இலேசில் விடாது. அப்புறம் குரைத்தால் நிர்வாகக் குழுவின் கடிதம் வரும்.

ஆகவே கேளுங்கள், நன்றாகவே கேளுங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பது? பல்கனிக்குக் கம்பி அடித்திருக்கிறதா? வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே? கருத்தடை செய்வீர்களா, வருடாவருடம் விசர்நோய்த் தடுப்பூசி போடுவீர்களா? நாயைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901இலேயே வந்துவிட்டது, அதையும் ஞாபகப்படுத்துங்கள். காலை ஏழுக்குப் போய் மாலை ஆறுக்கு வரும் தம்பதிக்குக் குட்டி தராதீர்கள், அவர்களுக்கு அரை ஏக்கர் வளவு இருந்தாலும்.

இன்னொரு கேள்வியும் சேர்க்க வேண்டும்: "விசா வந்தால் நாய் யாரிடம்?" நம் ஆட்களிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கனடாவுக்குப் போகிறவர்கள் குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட ஆள் பிடித்துவிட்டுத்தான் போகிறார்கள். நாயைக் கேற்றுக்கு வெளியே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் "ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் குட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. உங்களிடம் ஐந்தாறு வயதில், யாரும் கேட்காமல் படுத்திருக்கும் ஒரு ஊர் நாய் இருந்தால் அதுவும் சரி. வளர்ந்த நாய் பாதி நாளைத் தூக்கத்திலேயே கழித்துவிடும். அதற்கு முன் என் வீட்டை வந்து பாருங்கள். மின்சாரம் நின்று லிஃப்ட் ஓடாத நாளாகப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது. எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை நான்காம் மாடிக்காரன்