கூரையில் ஒருவன், குழிக்குள் நான்

மச்சான்,

முதலில் திட்டு. திட்டி முடித்துவிட்டு மிச்சத்தை வாசி. தைப்பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் இரண்டு மாதமாய் வயலின் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம் உன் கோழிக் கிறுக்கலில்தான் முழிக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

எழுதாததற்குக் காரணம், நான் நாடகத்தில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. பள்ளிக்கூட நாடகத்தில் காவலாளியாய் நின்று மயங்கி விழுந்ததை இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாய் என்று தெரியும். இது நடிப்பு இல்லை. மேடைக்கு முன்னால் ஒரு குழி இருக்கும், அதற்குள் இருந்து வாசிக்கிற வேலை.

நாங்கள் இருக்கும் இந்த ஒன்ராறியோச் சிற்றூரில் ஒரு சின்ன அரங்கு உண்டு. இந்த முறை அவர்கள் எடுத்தது 'ஃபிட்லர் ஒன் த ரூஃப்', கூரைமேல் வயலின்காரன். 1964 செப்டம்பரில் நியூயோர்க்கின் பிராட்வேயில் ஏறி 3,242 தடவை ஆடிய இசைநாடகம். நான் பின்வரிசையில் இரண்டாம் வயலின், பிழை விட்டாலும் ஆருக்கும் கேட்காத இடம். நிம்மதியாய் இருந்தேன். திரை விலக மூன்று கிழமை இருக்கும்போது முதல் வயலின் வாசிக்கிற பெண்மணி பனியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அடுத்த ஆள் நான்.

இந்த நாடகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமோ? ஒரு வயலின் மட்டும், தனியே. மேலே கூரையில் ஒருத்தன் வில்லுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு சத்தமில்லாமல் இழுத்து ஆடுவான். அவனுக்கு வாசிக்கிறது கீழே குழிக்குள் நான். கைதட்டு அவனுக்கு, வியர்வை எனக்கு.

அப்புறம், முதல் ஒத்திகையிலேயே மானம் போனது. ரிஷபத்தில் இருந்து காந்தாரத்துக்குப் போகும்போது கை தன்பாட்டில் ஒரு அசைவைப் போட்டுவிட்டது. வாத்தியக் குழுவை நடத்துகிற அம்மா எல்லோரையும் நிறுத்தி, அது என்ன என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? நம்முடைய வயலின் மாஸ்டர் பிரம்பால் ஏற்றிய கமகம் என்றா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனியே வாசிக்கிற இடத்தில் வைத்துக்கொள், மற்றவர்களோடு சேரும்போது நேராக வாசி என்றார். அதனால் தாளில் கண்ட கண்ட இடமெல்லாம் 'நேரா', 'நேரா' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பென்சிலில்தான். இந்தப் புத்தகங்கள் நியூயோர்க்கில் இருந்து வாடகைக்கு வருகிறவை, நாடகம் முடிந்ததும் அழித்துவிட்டுத்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்னொன்று கேள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையில் ஃப்ரைகிஷ் என்று ஒரு ஸ்வர வரிசை. இந்த நாடகத்தின் பால்காரன் பணக்காரனாகக் கனவு காணும் பாட்டில் அதுதான் வருகிறது. சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். பிடித்துவிட்டாயா? பதினாலாம் மேளம், வகுளாபரணம்! மாஸ்டர் நமக்குச் சொல்லித் தராமல் 'உங்களுக்கு இப்ப தேவையில்லை' என்று தள்ளிவிட்ட அதே ராகம். இந்த நாடகத்துக்கு இசையமைத்த ஜெரி பொக் அமெரிக்காவில் போட்ட பாட்டில் எனக்கு அது கிடைத்திருக்கிறது.

நடிகர் வசனம் முடிக்கும் வரைக்கும் ஒரே நாலு தாள அளவைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிற இடங்களும் உண்டு. மற்றவர்கள் பதறுகிறார்கள், எனக்குப் பதற்றமே இல்லை. கலியாண வீட்டில் ஐயர் விரலை ஆட்டும்வரை தவில்காரர் ஐயரையே பார்த்துக்கொண்டு இருப்பாரே, அதே கதைதான்.

கதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, நம்முடைய வீட்டுக் கதை. 1905, ரஷ்யாவில் அனதெவ்கா என்றொரு ஏழைக் கிராமம், பால்காரன் தெவ்யாவுக்கு ஐந்து பெட்டையள். சீதனத்துக்கு வழியில்லை. கலியாணம் பேசுகிற ஒரு கிழவி வீடு வீடாய்த் திரிகிறாள், பெட்டையளோ தாங்களே தேடிக்கொள்கிறார்கள். 1967இல் டோக்கியோவில் மேடையேற்றியபோது அங்குள்ள தயாரிப்பாளர், கதை வசனம் எழுதிய ஜோசஃப் ஸ்டைனிடம், இவ்வளவு ஜப்பானியத்தனமான கதை அமெரிக்காவில் விளங்குகிறதா என்று கேட்டாராம். இணுவிலில் போட்டிருந்தால் நம்மவரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஆனால் நான் இதையெல்லாம் எழுத உட்காரவில்லை.

குழிக்குள் இருந்தால் மேடை தெரியாது. சத்தம்தான் கேட்கும். கடைசியில் ஊரை விட்டு எல்லோரும் மூன்று நாளுக்குள் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. சட்டி, பானை எல்லாம் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு மேலே 'சரக், சரக்' என்று ஒரு சத்தம். முதல் இரண்டு ஒத்திகையிலும் மேடைக்காரர் எதையோ இழுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். தேநீர் நேரத்தில் கேட்டேன். தெவ்யாவின் மனைவி கோல்டா வீட்டைக் கூட்டுகிறாளாம். திரும்பி வரவே போகாத வீட்டை. ஊத்தையாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

மச்சான், 95 ஐப்பசி, யாழ்ப்பாண இடப்பெயர்வு. நீ எங்கள் படலையில் சைக்கிளோடு நின்று 'கெதியா வாங்கோ' என்று கத்திக்கொண்டு நிற்கிறாய். மழை. அம்மா குனிந்து முற்றம் கூட்டுகிறா. ஈர மண்ணை. எனக்கு அது இருபத்தைந்து வருடத்துக்கு மேலாய் நினைவில் இல்லை. செம்மணி வெளி நினைவிருந்தது, நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம் நின்றது நினைவிருந்தது. முற்றம் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பிறகு கூரைக்காரனின் பாட்டை நான் திரும்பத் தனியே வாசிக்க வேண்டும். அன்றைக்கு வில் நடுங்கியதைக் கமகம் என்று நினைத்து நடத்துகிற அம்மா தலையாட்டினார்.

போன சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் இருத்தினேன். முடிந்து காரில் வரும்வரை ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாய்ப் போய்விட்டது. பிறகு சொன்னா: "அந்தப் பெட்டை கூட்டினது சரியில்லை. மூலையை அப்படியே விட்டிட்டாள்."

"நீங்களும் அண்டைக்குக் கூட்டினனீங்கள், அம்மா."

"பின்னே? கூட்டாமல் போறதோ?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முழங்கால் கதைதான்.

அன்றைக்கு இரண்டு வயலினையும் யூரியா பைக்குள் சுற்றி உன் சைக்கிளில் கட்டியவன் நீ. என்னுடையதைத்தான் உள்ளே வைத்தாய், உன்னுடையது மழைப் பக்கம். உன்னுடையதின் பலகை கொடிகாமத்தில் பிரிந்ததை நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாஸ்டர் சொல்லித்தான் தெரியும். நீ நனையாமல் காத்த என்னுடைய அந்த வயலின்தான் இப்போது குழிக்குள் இருக்கிறது. இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சரி, இப்போது சொல்லிவிட்டேன், பதிலில் இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

எழுத வேண்டியது வேறு. சித்திரையில் மாமியின் மகன் ஊருக்கு வருகிறான். உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தந்தி எத்தனை செட் வேண்டும், அரை அளவா முழு அளவா என்று உடனே அறிவி. ரொசினும் வைக்கிறேன். வகுளாபரணத்தில் மாஸ்டரின் கையெழுத்தில் ஏதாவது உன்னிடம் இருந்தால் படம் எடுத்து அனுப்பு, ஒளிக்காதே. ஞாயிறு பின்னேரம் கடைசிக் காட்சி. திங்கள் முழுக்க 'நேரா'வை அழிக்கிற வேலை இருக்கிறது.

உன்,
காவலாளி